ஆவுளியானந்தரின் பல்லுக்கு ஒரு கையெழுத்து

யார் யார் அங்கே இருந்தார்கள், எங்கெங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. ஏனென்றால் மறுநாள் விசாரித்தபோது, தாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

இடம், சிட்னியில் பென்டில் ஹில். விக்னராஜா அங்கிள் வீட்டு கராஜ். இரண்டு கார் விடக்கூடிய கராஜ். அன்றைக்குக் கார்கள் தெருவில் நின்றன, தெய்வம் உள்ளே இருந்தது. நடுவில், அங்கிள் மலிவு விற்பனையில் வாங்கிய மசாஜ் கதிரை. கதிரையின் மேல் சிவப்புப் பட்டு. பட்டின் மேல் ஸ்ரீலஸ்ரீ ஆவுளியானந்தர். சாமியின் முழங்கை தவறிப் பொத்தானில் பட்டுவிட்டால் கதிரை உறுமும். சாமி உச்சி முதல் உள்ளங்கால் வரை அதிர்வார். அதற்கு அருள் இறங்குதல் என்று பெயர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

சாமிக்கு நேர் எதிரே, முதல் பாயில், கமலினி அன்ரி. சுத்த சைவம். பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டினால், அதில் முட்டை இருக்கிறதா என்று பேக்கரிக்கே போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். வலப்பக்கம் பிளாஸ்டிக் கதிரைகள். அதில் முதலாவதில் சென்னைக்காரர் பாலகிருஷ்ணன். வாரத்தில் ஐந்து நாளும் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவர் தொழில். சனிக்கிழமை விடுமுறை. கதவடியில், கையில் ரிமோட்டோடு, வீட்டுக்காரர் விக்னராஜா அங்கிள். பிந்தி வருகிறவர்களுக்குக் கதவை உயர்த்துவதும் இறக்குவதும் அவர் செய்த தொண்டு. இரண்டாவது பாயில், கண்ணை மூடிக் கைகூப்பியபடி செந்தூரன். கடைசியில், வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், மடக்குக் கதிரையில் அவன் மனைவி மயூரா. மடியில் கைப்பை. கைப்பைக்குள் இரண்டு கடித உறைகள்.

மிச்சப் பேரைச் சொல்லி முடியாது. கழற்றிவிட்ட செருப்புகள் பக்கத்து வீட்டுப் புல்தரை வரை போயிருந்தன. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வந்து எட்டிப் பார்த்து, பழைய செருப்பு விற்பனையா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். அங்கே நடந்ததைக் கிட்டத்தட்டச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் மனிதர் அவர்தான்.

விற்பனைப் பொருள் ஆவுளியாப் பல்.

ஆவுளியா என்றால் கடற்பசு. மன்னார்ப் பக்கத்து மீனவர்களும் இராமேஸ்வரத்து மீனவர்களும் அதை அப்படித்தான் சொல்வார்கள். மீன் அல்ல. மூச்சுவிட மேலே வரும், குட்டி போடும், குட்டிக்குப் பால் கொடுக்கும். கடலடியில் புல் மேய்ந்துகொண்டு, ஒருவர் சோலிக்கும் போகாமல், எழுபது வயது வரை கூட இருக்கும். ஒருவர் சோலிக்கும் போகாத பிராணிக்கு உலகத்தில் என்ன நடக்குமோ அது அதற்கும் நடந்தது. வலையில் மாட்டிச் செத்தது, படகு இடித்துச் செத்தது, மேய்ந்த புல்வெளி சேறு மூடிப் போனது. மன்னார்க் கடலில் இப்போது அதைக் கண்டவர்கள் கண்டதாகப் பெருமை பேசும் அளவுக்கு வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் வடகரையில்தான் இன்னும் மந்தையாக மிஞ்சியிருக்கிறது. சிட்னி இருக்கும் மாநிலத்தில் அதுவும் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சாமி இதையெல்லாம் சொல்வதில்லை. சாமி சொன்னது வேறு. பாற்கடலைக் கடைந்தபோது வெளியே வந்த பசு ஒன்று, அது காமதேனு. வெளியே வராமல் உள்ளேயே தவத்தில் நின்ற பசு இன்னொன்று, அது ஆவுளியா. அதன் பல்லை வெள்ளிக் குழாயில் அடைத்துச் சிவப்பு நூலில் கட்டிக் கழுத்தில் போட்டால் பிள்ளை இல்லாதவர்க்குப் பிள்ளை, விசா இல்லாதவர்க்கு விசா, மூட்டுவலிக்காரருக்கு மூட்டு. இரவில் பல்லைப் பாலில் ஊறப் போட்டு, விடிய அந்தப் பாலைக் குடிக்க வேண்டும். ஆவுளியா புல்லைத் தவிர வேறொன்றும் தொடாது என்பதால் பல்லும் சைவம், பாலும் சைவம். கமலினி அன்ரி விழுந்த இடம் இதுதான். சைவமான பல் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும்.

தட்சணை என்று சாமி வாய் திறந்து கேட்பதில்லை. அந்தக் கஷ்டத்தை வாசலில் இருந்த கார்ட் மெஷின் பார்த்துக்கொண்டது.

இனி, இந்தக் கூட்டத்தைப் பற்றி ஒன்று. இதிலே சிட்னி விமான நிலையத்தில் அழாதவர்கள் யாரும் கிடையாது. விக்னராஜா அங்கிளின் மாசிக்கருவாடு அங்கேதான் குப்பைத் தொட்டிக்குள் போனது. பதினைந்து வருடமாக அந்தக் கதையை எல்லாக் கலியாண வீட்டிலும் சொல்கிறார். கமலினி அன்ரியின் முருங்கை விதை போனது. பாலகிருஷ்ணனின் அம்மா கொடுத்துவிட்ட பால்கோவாவை ஓர் அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு எடுத்துப் போனார். ஒரு வடகத்தைக்கூட இந்த நாட்டுக்குள் களவாகக் கொண்டுவர முடியாது என்று இவர்கள் ஒவ்வொருவரும் சத்தியம் பண்ணுவார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ஆவுளியானந்தர், தான் ஒரு பெட்டி நிறையக் கடல் மிருகத்தின் பல்லை அதே விமான நிலையத்தால் கொண்டுவந்ததாகச் சொன்னார். மோப்ப நாய் பெட்டியை முகர்ந்ததாம். பிறகு முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்து வணங்கியதாம்.

எல்லோரும் நம்பினார்கள். மாசிக்கருவாடு போனது தங்களுக்கு அருள் இல்லாததால்தான் என்று விளங்கிக்கொண்டார்கள்.

மயூராவுக்கு மட்டும் அந்த நாய் தொண்டைக்குள் சிக்கிக்கொண்டது. அவள் வேலை செய்வது, துறைமுகத்தில் வந்து இறங்கும் பொருட்களுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிக்கும் அலுவலகத்தில். ஒரு பெட்டி மரப்பொம்மை வந்தாலும் எங்கே வெட்டிய மரம், யார் கையெழுத்து என்று பத்திரம் கேட்பார்கள். சாமி சொன்ன கதையில் நாய் இருந்தது, வணக்கம் இருந்தது, பத்திரம் இல்லை.

ஆனால் அவள் பிரச்சினை நாயோடு அல்ல. செந்தூரனோடு.

கலியாணமாகிப் பத்து வருடம் கழித்து அவர்கள் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போனார்கள். இரண்டு முறை செய்து இரண்டு முறையும் தவறிப்போனது. கிளினிக்கில் இப்போது உறையவைத்த கரு ஒன்றே ஒன்று மிச்சம். மயூராவுக்கு வயது முப்பத்தொன்பது. மூன்றாம் முறைக்கு வாய்ப்பு நூற்றுக்கு முப்பது என்றார் டாக்டர். நூற்றுக்கு நூறு என்றார் சாமி. செந்தூரன் கணக்குப் படித்தவன். பெரிய எண்ணைத் தெரிந்தெடுத்தான். பல் கட்டியிருக்கும்போது ஊசி, மருந்து ஒன்றும் கூடாது என்று சாமி சொல்ல, கிளினிக்குக்குப் போன் எடுத்துத் திகதியை நிற்பாட்டிவிட்டான். அவர்கள் பதில் அனுப்பினார்கள்: தொடர்வதாக இருவரும் கையெழுத்திட்டு இந்த மாதம் முடிவதற்குள் எழுதித் தராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும், மறுபடி வரிசையின் கடைசியிலிருந்து வர வேண்டும்.

மயூரா அந்தக் கடிதத்தை எழுதித் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டாள். அவன் கையெழுத்துக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது.

முந்தின சனிக்கிழமை, கராஜிலிருந்து திரும்பும்போது காரில் கேட்டாள்.

"அந்த மிருகம் எத்தினை வருசத்துக்கு ஒருக்கா குட்டி போடும் எண்டு தெரியுமே?"

"சாமி சொல்லேல்லை."

"மூண்டு வருசத்துக்கு ஒருக்கா. சிலது ஏழு வருசம் எடுக்கும். வயித்தில ஒரு வருசத்துக்கு மேல வச்சிருந்து, அதுவும் ஒண்டே ஒண்டுதான் போடும். அதாலதான் செத்த கணக்கைப் பிறந்த கணக்கால ஈடுகட்ட ஏலாமல் அழிஞ்சுகொண்டு போகுது. அந்தப் பல்லை வாய்க்குள்ளேயே வச்சிருக்கிற சீவனுக்கு இவ்வளவுதான் வரம். கழுத்தில கட்டின எங்களுக்கு மட்டும் எப்பிடிக் கூடக் கிடைக்கும்?"

செந்தூரன் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"எனக்கு விளங்காமல் இல்லை மயூ. ஆனா அந்தக் கிளினிக் கதிரையில இருந்து டொக்டர் 'ஐ ஆம் சொறி' எண்டு சொல்லுறதை இன்னொருக்கா கேக்க என்னால ஏலாது. இந்தச் சாமி எண்டாலும் ஓம் எண்டு சொல்லுது."

அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை. வாதத்தில் இவனை வெல்ல முடியாது, சாமியைத்தான் தோற்கடிக்க வேண்டும் என்று விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து இன்னொரு கடிதம் எழுதினாள். இரண்டாவது உறை அதற்குத்தான்.

இனி கராஜுக்குத் திரும்புவோம். பூசை முடிந்தது. பல்லுக்குப் பால் வார்த்து, அந்தப் பாலை எல்லோரும் உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சி, தலையில் தடவினார்கள். ஐயம் உள்ளோர் வினவலாம் என்று சாமி செந்தமிழில் அருளினார். சாமிக்குச் செந்தமிழ் தவிர வேறொன்றும் வராது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். கேட்டவர்கள் தங்கள் பெருமையைக் கேட்டார்கள். பல் கட்டிய பிறகு மூட்டுவலி போன இடம் தெரியவில்லை என்றார் கமலினி அன்ரி. கட்டின வாரமே குடியுரிமைப் பரீட்சைக்குத் திகதி வந்ததாக பாலகிருஷ்ணன் சொன்னார். விண்ணப்பித்த எல்லோருக்கும் திகதி வரும் என்பதை அவர் சொல்லவில்லை.

மயூரா எழுந்தாள். செந்தூரன்ட மனிசி, நல்ல பிள்ளை என்று விக்னராஜா அங்கிள் அறிமுகப்படுத்தினார்.

"சாமி, இவ்வளவு மகிமையான பொருளை நாங்கள் ஒளிச்சு வைச்சுக் கும்பிடுறது எனக்கு மனவருத்தமாக் கிடக்கு," என்றாள். குரலில் பால் வடிந்தது. "அரசாங்கமே ஒத்துக்கொள்ள வேணும். அதுக்குத்தான் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தனான். வாசிக்கட்டே?"

சாமி கை உயர்த்தி ஆசி கூறினார். அரசாங்கம் ஒத்துக்கொள்வதில் அவருக்கும் ஆட்சேபம் இல்லை.

கடிதம் கன்பராவில் உள்ள வனவிலங்கு வணிகப் பிரிவுக்கு. இன்ன தெருவில், இன்ன இலக்கத்தில், திரு. விக்னராஜா அவர்களின் இல்லத்தில் கடற்பசுவின் பற்கள் வைத்து வழிபடப்படுகின்றன. அவற்றை இலங்கைக் கடலிலிருந்து விமான மூலம் கொண்டுவந்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆவுளியானந்தர். இது சர்வதேச உடன்பாட்டின் கீழ் விற்கவும் வாங்கவும் தடை செய்யப்பட்ட உயிரினம் என்பதை அறிவோம். பற்கள் அசலானவை என்று சாமியும், தன் வீட்டில் இருப்பதாக வீட்டுக்காரரும், தங்கள் கழுத்தில் இருப்பதாகப் பக்தர்களும் கீழே கையெழுத்திடுகிறோம். உரிய அனுமதியைத் தந்தருள வேண்டும்.

"இதில பொய் ஒண்டும் இல்லைத்தானே சாமி? அப்ப முதல் கையெழுத்து உங்களின்ர."

பேனாவை நீட்டினாள்.

சாமி பேனாவைப் பார்த்தார், கையைப் பட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

சித்தர்கள் கையெழுத்து இடுவதில்லை, மகளே என்றார் சாமி. கைநாட்டு வச்சாலும் போதும் சாமி என்று மயூரா கைப்பையிலிருந்து மைப்பெட்டி எடுத்தாள். அருள் என்பது அரசாங்கங்களுக்கு அப்பாற்பட்டது என்றார் சாமி. எயார்போட் அப்பிடி நினைக்காது சாமி என்றாள் அவள்.

பாலகிருஷ்ணனின் கை மெல்ல உயர்ந்தது. விடுமுறையில் இருந்த மூளை வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு டவுட். பெர்மிட் இல்லாம வெச்சிருந்தா என்ன ஆகும்?"

"கொண்டு வந்த ஆளுக்குப் பத்து வருசம் வரைக்கும் சிறை இருக்காம். வச்சிருக்கிற ஆக்களுக்கு வழக்கு. குடியுரிமை எடுக்க முதல் நன்னடத்தை எல்லாம் பாப்பினந்தானே?"

பாலகிருஷ்ணன் கழுத்திலிருந்த குழாயைச் சட்டைக்குள் தள்ளினார். பிறகு வெளியே எடுத்தார். பிறகு கழற்றிக் கதிரையின் கீழ் வைத்து, கதிரையை வேறு இடத்துக்கு நகர்த்தினார். "என்னோடது டூப்ளிகேட்னு நினைக்கிறேன் மேடம். ஆரம்பத்துலேர்ந்தே எனக்கு ஒரு டவுட் இருந்துச்சு."

அவ்வளவுதான். நூல்கள் கழன்றன. பத்து நிமிடத்துக்கு முன் அசலான பல்லால் அற்புதம் கண்டவர்கள் எல்லோரும், தங்கள் பல் போலி என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு நிரூபித்தார்கள். ஒருவர் தன்னுடையது பிளாஸ்டிக் போல மணப்பதாகச் சொன்னார். இன்னொருவர் இது தன் மச்சானுடையது, பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்தது என்றார்.

அசையாமல் இருந்தவர் கமலினி அன்ரி ஒருவர்தான். அவர் எழுந்து வந்து மயூராவின் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.

"எனக்கொரு பயமும் இல்லைப் பிள்ளை. உண்மையான பொருளுக்குக் கையெழுத்து வைக்க என்ன பயம்? எங்க வைக்க வேணும், காட்டும்."

மயூராவுக்கு ஒரு கணம் கை தளர்ந்தது. இந்த மனுசி ஒருவரின் நம்பிக்கைதான் அந்தக் கராஜில் அசல் சாமான். ஆனால் அன்ரியின் பேனா கடிதத்தை நோக்கிக் குனிவதை விக்னராஜா அங்கிள் கண்டார். கடிதத்தில் இருந்தது அவருடைய வீட்டு விலாசம்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ," என்றார். கையிலிருந்த ரிமோட்டை அழுத்தினார். கராஜ் கதவு கிறீச்சென்று இறங்கித் தரையைத் தொட்டது. சாமி அந்தக் கதவைப் பார்த்த பார்வையில் செந்தமிழ் எதுவும் இல்லை.

"சாமி. நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கிறன். இது ஆவுளியாப் பல்லோ, இல்லையோ?"

சாமி பின்னுக்குச் சாய்ந்தார். முழங்கை பொத்தானில் பட்டது. கதிரை உறுமியது. சாமி உச்சி முதல் உள்ளங்கால் வரை அதிர்ந்தார். இந்த முறை ஒருவரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஆடு அண்ணை," என்றார். குரலும் சேர்ந்து அதிர்ந்தது. "ஆட்டெலும்பு. மெரிலேண்ட்ஸில இறைச்சிக்கடையில கழிச்சு விடுறது. அவிச்சு, பிளீச்சில போட்டு, அராவி எடுக்கிறனான். ஆவுளியாவை நான் படத்தில கண்டதோட சரி."

"அப்ப எயார்போட்?"

"என்ன கதை கதைக்கிறியள் அண்ணை? எயார்போட்டால பல்லுக் கொண்டுவர ஏலுமே? நாய் விடுமே?"

அந்தக் கராஜில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கடைசியில் சாமியே வேண்டியிருந்தது.

ஆவுளியானந்தரின் சொந்தப் பெயர் நரேன் என்பதும், மெல்பனில் டார்னெய்ட் பக்கம் வீட்டுக்கு வீடு சோலார் தகடு விற்றுப் பார்த்துச் சரிவராமல் ஆன்மீகத்துக்கு வந்தவர் என்பதும் அடுத்த நிமிடங்களில் வெளிவந்தன. ஆனால் கூட்டத்துக்கு அதில் அக்கறை இல்லை. ஆடு என்ற சொல்லே காதில் தேனாய்ப் பாய்ந்திருந்தது. ஆட்டுக்குச் சிறை இல்லை. ஆட்டுக்கு விசா போகாது. தாங்கள் ஏமாந்துபோன செய்தியை அவ்வளவு சந்தோசமாகக் கேட்ட கூட்டம் உலகத்தில் வேறெங்கும் இருந்திராது. சிலர் சாமிக்குக் கைகொடுத்தார்கள்.

கமலினி அன்ரிக்கு மட்டும் அந்தச் செய்தி வேறு வழியால் போய்ச் சேர்ந்தது. கையில் பேனா அப்படியே இருந்தது.

"ஆடோ?" என்றார் மெல்ல. "பாலில ஊறப் போட்டு?"

எலும்பை இரவு முழுக்க ஊறவைத்த நீருக்குக் குசினியில் என்ன பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்ரி வோஷிங் மெஷினுக்குப் பக்கத்துத் தொட்டியடிக்கு நடந்தார், மூட்டுவலி திரும்பி வந்துவிட்டிருந்தது. மயூரா தண்ணீரைத் திறந்துவிட்டு, அவர் கொப்பளித்து முடியும் வரை முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"பேக்கரிக்கெல்லாம் போன் எடுத்துக் கேட்டனான் பிள்ளை," என்றார் அன்ரி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இந்தாளிட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

விக்னராஜா அங்கிள் கதவை உயர்த்தினார். வாசலில் இருந்த கார்ட் மெஷின் அன்று மாலை முழுவதும் பின்னோக்கி வேலை செய்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்து, விற்பனை எப்படி என்று கேட்டார்.

செந்தூரன் காரடியில் நின்றான். பல்லை இன்னும் கழற்றவில்லை. மயூரா வந்ததும் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்.

"என்னை விசரன் எண்டு நினைக்கிறீரே?"

"இல்லை. களைச்சுப் போனீங்கள், அவ்வளவுதான். நானும் களைச்சுப் போனன்." அவனுக்குப் பக்கத்தில் காரில் சாய்ந்துகொண்டாள். "ஆனா ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ. அந்தாள் கள்ளன் எண்டபடியால ஒரு கழிச்செலும்போட போச்சுது. நேர்மையான சாமியா இருந்திருந்தா? சொன்ன சொல்லுக்கு உண்மையாவே மன்னாரில ஆளை விட்டுப் பிடிச்சிருக்கும். எங்களுக்கு ஒரு பிள்ளை வேணும் எண்டு, மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில ஒரு தாய், குட்டிக்குப் பால் குடுத்துக்கொண்டு நிண்டது, செத்திருக்கும். அதையும் கும்பிட்டுக் கழுத்தில கட்டியிருப்பம்."

செந்தூரன் நூலை அறுத்து, குழாயைத் திறந்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சின்ன, வெள்ளையான, ஒரு பாவமும் அறியாத எலும்பு. தெருவோரக் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து, மெதுவாக உள்ளே வைத்தான்.

"மற்றக் கடிதத்தைத் தாரும்."

கிளினிக் கடிதத்தைக் காரின் பானெட்டில் விரித்து ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வாசித்தான். வாய்ப்பு நூற்றுக்கு முப்பது என்பதை அறிவோம் என்று மயூரா எழுதியிருந்த வரியில் விரலை வைத்தான். "இது இன்னும் ஏறாதோ?" என்று கேட்டான். ஏறாது, இவ்வளவுதான் என்று அவள் சொன்னாள். பொய் சொல்லாத எண் சின்னதாகத்தான் இருக்கும் என்பது அவனுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். "அப்ப எழுபதுக்கும் சேத்துத்தான் கையெழுத்து வைக்கிறன்," என்றான். வைத்தான்.

கன்பராக் கடிதத்தை மயூரா கிழித்துப் போட்டாள். ஆட்டுக்கு அனுமதி தேவையில்லை.

ஒன்றை மட்டும் சொல்லி முடிப்போம். அந்தக் கராஜில் அன்று கவிழ்ந்த சாமியை யாரும் அடித்து விழுத்தவில்லை, அறிவியல் கருவி எதுவும் வைத்துச் சோதிக்கவுமில்லை. சொன்னதன் கீழே கையெழுத்துப் போடும்படி ஒருத்தி கேட்டாள், அவ்வளவுதான். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் கழுத்தை நீட்டுவதற்கு முன்னால் ஒரு பேனாவை நீட்டிப் பாருங்கள்.

பென்டில் ஹில் ரயில் நிலையத்தடியில் சிவப்புத் தபால் பெட்டி இருக்கிறது. செந்தூரன் உறையின் ஓரத்தை நாவால் நனைத்து ஒட்டினான். மயூரா முத்திரையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கடிதத்தைப் பெட்டிக்குள் விட்டார்கள்.